ஊவா மலையில் ஓடியவர்கள்

மலைநாட்டின் வரலாறு பெரும்பாலும் பயிர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வருகின்றது. முதலிற் கோப்பி வந்தது, நோயால் அழிந்தது. பின்னர் தேயிலை வந்தது, அது நிலைத்தது. இதுவே அக்கதையின் சுருக்கம். ஆனால் பயிர் எதுவாயினும் அதன் விளைவு மலையை விட்டு இறங்குவதற்கு ஒரு பாதை வேண்டும். அதைப் பயிரிட்ட மனிதன் மலைமேல் ஏறுவதற்கும் ஒரு பாதை வேண்டும். அப்பாதைகளை வெட்டியவர் யார், அவற்றில் நடந்தவர் யார், ஓடியவர் யார் என்று வினவினால், அதே வரலாறு வேறொரு முகத்தைக் காட்டும்.

இன்று அப்பாதைகளுக்குப் புதியதொரு மதிப்பு ஏற்பட்டிருக்கின்றது. உடலுறுதிக்காகவும் இயற்கையெழிலைக் கண்டு மகிழ்வதற்காகவும் ஓட்டத்தை ஒரு பயிற்சியாகக் கொண்டோர் உலகெங்கும் பெருகியிருக்கின்றனர். அவர்களுள் பலர், விடியற்காலைப் பனி கலையுமுன்னே ஹோட்டன் சமவெளியிலும், ஹப்புத்தளை மலைமுகட்டிலும், எல்லவின் தேயிலைச் சரிவுகளிலும் ஓடுகின்றனர். இவர்கள் இன்பத்தை நாடி ஓடுவோர். இவர்களுக்கு முன்னர் இதே மலைகளில் ஓடியவர்கள் மூவகையினர். ஒருவன் வேட்டையின் பொருட்டு ஓடினான். ஒருவன் கடமையின் பொருட்டு ஓடினான். மற்றொருவன் விடுதலையின் பொருட்டு ஓடினான். அம்மூவர் கதையையும் அறிந்தாலன்றி ஊவாவின் பாதைகள் முழுமையாக விளங்கமாட்டா.

முதலில் நிலத்தின் அமைப்பைக் காண்போம். பதுளை நகரம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அதன் கிழக்கு முகமாக நமுனுகுலை மலை 2,000 மீற்றருக்கும் மேலாக எழுந்து நிற்கின்றது. ஒன்பது சிகரங்களையுடையது என்பதே அப்பெயரின் பொருள். நகரை வளைத்தோடும் பதுளு ஓயா, சற்றுத் தொலைவிலே துன்ஹிந்தை அருவியாக 60 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து வீழ்கின்றது. மேற்கே மலைகள் படிப்படியாக உயர்ந்து, பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளை, ஒஹிய என ஏறிச்சென்று, இறுதியில் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியில் முடிகின்றன. சமவெளி மத்திய மாகாணத்துக்குரியது. எனினும் ஊவாவின் எல்லை அதன் வாயிலிலேயே தொடங்குகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் மலைத்தொடரின் மேற்குப் புறத்தே மழை கொட்டும்போது, இப்புறத்தே வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனிமணம் என்ற பெயரை ஈட்டிக் கொடுத்தது அக்காற்றேயாகும்.

கோப்பி வருமுன்னரும் இம்மலைகளிற் பாதைகள் இருந்தன. கிராமத்தையும் கிராமத்தையும் இணைத்த ஒற்றையடிப் பாதைகள் அவை. கரையோரத்து உப்பு, கருவாடு, துணி முதலியன பொதிமாடுகளின் முதுகில் மலைநாட்டுக்கு ஏற்றப்பட்டன. மீளும்போது அம்மாடுகள் பாக்கும் பிற விளைபொருள்களும் சுமந்து இறங்கின. இவ்வாறு வரிசையாகச் செல்லும் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். கதிர்காமத்துக்குச் செல்லும் அடியார்களும் தெற்கே இறங்கும் வழிகளை மிதித்து வந்தனர். இப்பாதைகளெல்லாம் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஏற்றவை. வண்டிக்கும் பீரங்கிக்கும் ஏற்றவை அல்ல. கண்டி அரசர்கள் அவற்றை அகலமாக்காது விட்டமைக்குக் காரணமும் அதுவே. வழி குறுகியிருக்குமளவும் பகைவன் வரவும் குறுகியிருந்தது.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்றாண்டுகளுள் ஊவாவிலே பெருங் கிளர்ச்சி மூண்டது. அதன் தலைவருள் முதன்மையான கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். மலைகளிற் படைகளை விரைவாக நகர்த்தும் வழி இல்லையேல் மலைநாட்டை ஆளமுடியாது என்பதை அக்கிளர்ச்சி ஆட்சியாளருக்கு உணர்த்தியது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில் பெருந்தெருக்கள் வெட்டப்பட்டன. இளவயதிலேயே அப்பணியில் இறங்கிய தோமஸ் ஸ்கின்னர், அரை நூற்றாண்டுக் காலம் இலங்கைத் தெருக்களை அமைப்பதிலே கழித்தார். ஊவாவில் அப்பணியை முன்னெடுத்தவர் பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்று பேர் பெற்றவரும் அவரே. 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது.

இனி, முதலாவது ஓட்டக்காரனைக் காண்போம். 1834ஆம் ஆண்டில் ஆங்கிலப் படைத்துறையினர் இருவர் மலையுச்சியிலே விரிந்த புல்வெளியொன்றைக் கண்டு, அக்காலத் தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரை அதற்கு இட்டனர். அவர்கள் காணுமுன்னரே மகா எலிய என்ற பெயர் அந்நிலத்துக்கு இருந்தது. புல்வெளியையும் குளிர்காட்டையும் ஊடறுத்து மரைக் கூட்டங்கள் திரிந்தன. அவற்றை நாடி வேட்டைக்காரர் வந்தனர். அவர்களிற் புகழ்பெற்றவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த அவர், துப்பாக்கியை விடுத்து, வேட்டை நாய்களோடும் கையிலொரு கத்தியோடும் கால்நடையாகவே மரையைத் துரத்துவதைப் பெருவிளையாட்டாகக் கொண்டார். நாய்களின் குரல் எத்திசையிற் கேட்கிறதோ அத்திசையில், காட்டையும் ஓடையையும் பாராது ஓடுவதே அவ்வேட்டையின் முறை. பின்னாளில் ஆபிரிக்காவுக்குச் சென்று, 1864இல் அல்பேட் ஏரியைக் கண்டு அவர் உலகப் புகழ் பெற்றார். சமவெளியிலே பெலிஹுல் ஓயா வீழும் இடம் இன்றும் பேக்கர் அருவி என்றே வழங்குகின்றது. தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரை அங்கு அமைத்த வேட்டை விடுதியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இன்று இன்பத்துக்காகச் சமவெளியில் ஓடுவோருக்கு முன்னோடி யாரென்று கேட்டால், இவ்வேட்டைக்காரரையே சுட்டவேண்டும்.

அக்காலத்தில் மலைச்சரிவுகளெங்கும் காடு அழிக்கப்பட்டுக் கோப்பி நாட்டப்பட்டு வந்தது. அவ்வெறி சமவெளியையும் விழுங்கியிருக்கும். அதைத் தடுத்தது ஓர் அறிஞரின் சொல். 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை அழிக்காது விடவேண்டும் என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். 1873இல் அதற்கான ஆணை பிறந்தது. மகாவலி, களனி, வளவை என்னும் பேராறுகளுக்கு நீரூட்டும் ஓடைகள் இம்மேட்டிலேயே பிறக்கின்றன. ஆகவே அவ்வாணை மரங்களை மட்டுமன்றி, கீழே நூறு மைல் தொலைவிலுள்ள வயல்களையும் காத்தது எனலாம். சமவெளி 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் பிற காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அவ்வெல்லைக்குக் கீழே நிகழ்ந்தது வேறு கதை. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் அழைத்து வரப்பட்டனர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் வறுமையும் பஞ்சமும் அவர்களைக் கடலுக்கு இப்பால் தள்ளின. தோணியிலே மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து வறண்ட வன்னிக் காட்டின் வழியே மாத்தளைவரை அவர்கள் கால்நடையாக வந்தனர். மலேரியாக் காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் வழிநெடுகப் பலரைக் கொன்றன. ஊவாவுக்குரியவர்களுக்கு மாத்தளை பயணத்தின் முடிவன்று. கண்டி கடந்து, மலைமீது மலையாக ஏறி, முன்பின் அறியாத குளிரிலே அவர்கள் மேலும் பல நாள் நடந்தனர்.

வந்து சேர்ந்தவர்கள் முதலிற் செய்த வேலை கொழுந்து கொய்வதன்று. காட்டை வெட்டுவதும் பாதை வெட்டுவதுமேயாகும். மலைச்சரிவில் ஒரு பாதை அமைப்பது எளிதன்று. மேற்புறத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்புறத்திற் கொட்டினால் முதல் மழையிலேயே அது சரிந்துவிடும். ஆகவே கீழ்ப்புறத்திலே கல்லைக் கல்லின்மேல் அடுக்கி, சாந்தின்றியே சுவர் எழுப்பினர். மேற்புறத்தே கான் வெட்டி மழைநீரை ஓடையிற் சேர்த்தனர். ஏற்றம் மிகாதபடி பாதையை வளைத்து வளைத்துக் கொண்டு சென்றனர். வண்டிக்காளை இளைக்காது ஏறத்தக்க சரிவு எதுவோ அதுவே அப்பாதையின் அளவுகோல். இன்று ஊவாவில் ஓடுவோர், பாதை மூச்சைத் திணறச் செய்யாது இதமாக ஏறி இறங்குவதை வியக்கின்றனர். அவ்விதம் காளைக்காக அமைந்தது. அதனை மண்ணிலே நிலைநாட்டியது கூலி மக்களின் கை.

1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பியை அடியோடு அழித்தது. அதே பாதைகளின் இருமருங்கும் தேயிலை எழுந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கி, தம்பேத்தனையிலே தொழிற்சாலை அமைத்தார். அத்தோட்டத்தின் உச்சியிலிருந்து அவர் தம் நிலங்களைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் இடம் லிப்டன் இருக்கை என்று பெயர் பெற்றுள்ளது.

இத்தோட்டங்களின் துரைமார் பங்களாக்கள் மலைமுகடுகளில் ஒன்றுக்கொன்று தொலைவாக இருந்தன. வெளியுலகத்தோடு அவற்றைப் பிணைத்தவனே இரண்டாவது ஓட்டக்காரன். தோட்டத்து மக்கள் அவனைத் தப்பால்காரன் என்றனர். நாள்தோறும் தோட்டத்துப் பூட்டிய பையைத் தோளிலிட்டு, நகரத்துத் தபாற்கந்தோருக்குச் சென்று, கடிதங்களைப் பெற்று, குறித்த நேரத்துக்குள் அவன் மீளவேண்டும். வண்டிப்பாதையிற் சென்றால் நேரம் போதாது. ஆகவே சரிவை நேராக வெட்டிச் செல்லும் குறுக்குப் பாதைகளை அவன் கால்கள் உண்டாக்கின. மழையாயினும் பனியாயினும் பை நனையக்கூடாது, ஆள் நனையலாம். இலண்டனிலிருந்து வரும் கொழுந்து விலைச் செய்தியும் அப்பையில் இருந்தது. திருச்சிக் கிராமமொன்றிலிருந்து வரும் சாவுச் செய்தியும் அப்பையிலேயே இருந்தது. லயத்து மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆகவே தம் பெயருக்கு ஏதேனும் வந்ததா என்று அவன் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ள முயன்றனர். துரைவீட்டுக்கு வேண்டிய ரொட்டியையும் இறைச்சியையும் பெட்டியிலிட்டு நகரிலிருந்து சுமந்து வந்தோரும் இதே வழியில் விரைந்தனர். தூரத்தையும் ஏற்றத்தையும் கருதினால், அக்கால்கள் அன்றாடம் செய்தது இன்றைய பந்தய வீரனின் பயிற்சிக்குக் குறைந்ததன்று. பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை, அன்றைய பெயர்ப் பதிவு ஒன்றே இருந்தது.

மூன்றாவது ஓட்டக்காரன் இரவில் ஓடினான். அவன் ஏன் ஓடினான் என்பதை அறியத் தோட்டத்துச் சட்டத்தை அறியவேண்டும். ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவுக்கும் முன்பணத்துக்கும் தொழிலாளி கங்காணியிடம் கடன்பட்டான். அக்கடன் தீர்ந்தாலன்றி அவன் தோட்டத்தை விட்டு அகல முடியாது. கடனைச் செலுத்தினால் இவ்வாளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் ஏற்கமாட்டார். 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. சம்பளம் மாதக்கணக்கிற் கிடைக்காமற்போன காலங்களிலும், அடியும் வசையும் பொறுக்க முடியாத வேளைகளிலும் மனிதன் செய்யக்கூடியது ஒன்றே. பிரட்டுக்குத் தப்படிக்கும் முன்னே, விடிவெள்ளி தோன்றுமுன்னே, மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிடுவது.

பெருவழியிற் சென்றால் பிடிபடுவர். ஆகவே இவர்களும் குறுக்குப் பாதைகளையே நாடினர். பகலிலே தப்பால்காரன் கடமைக்காக ஓடிய அதே தடத்தில் இரவிலே இவர்கள் உயிருக்காக ஓடினர். ஊவாவின் காடுகளும் ஓடைகளும் நன்கறிந்த ஓட்டங்கள் இவை. எந்த ஏட்டிலும் இவற்றின் தூரம் குறிக்கப்படவில்லை. இந்தியத் தலைவர்களும் இலங்கைச் சீர்திருத்தவாதிகளும் நெடுங்காலம் வற்புறுத்தியதன் பயனாக, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. வேலையை விட்டதற்காகச் சிறையிடும் விதிகளும் அதனையடுத்து நீக்கப்பட்டன. அதன்பின்னரே தோட்டத்து மனிதன் பகல் வெளிச்சத்தில், ஓடாமல் நடந்து, தோட்ட எல்லையைக் கடக்க முடிந்தது.

இதற்கிடையில் மலைமீது இருப்புப்பாதை ஏறிக்கொண்டிருந்தது. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதம், 1885இல் நானுஓயாவையும், 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. பட்டிப்பொலைக்கு அப்பால், ஏறத்தாழ 1,898 மீற்றர் உயரத்தில் இருப்புப்பாதை தன் உச்சியைத் தொட்டு, ஒரு சுரங்கத்தினூடே ஊவாவுக்குள் நுழைகின்றது. மேற்குப் புறத்தே மழையும் மூடுபனியும் இருக்க, சுரங்கத்தைத் தாண்டியதும் வெயில் ஒளிரும் காட்சியைப் பயணிகள் அறிவர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் நிறைவெய்தியது. அதன் நீளம் 91 மீற்றர். உயரம் 24 மீற்றர். தெமோதரையிலோ இருப்புப்பாதை ஒரு மலையைச் சுற்றி இறங்கி, தன் நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தினூடே தானே செல்கின்றது. ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைப் பார்த்திருந்த பொறியியலாளருக்கு அவ்வமைப்புத் தோன்றியது என்றொரு கதை மக்களிடையே வழங்குகின்றது. கதை மெய்யோ அன்றோ, அச்சுரங்கங்களைக் குடைந்த கைகளை மக்கள் நினைவு மறக்கவில்லை என்பதற்கு அது சான்றாகும். 1924 ஏப்பிரலில் புகையிரதம் பதுளையை அடைந்தது. தோட்டத்து மக்கள் அதற்குக் கோச்சி என்று பெயரிட்டனர்.

அக்கோச்சி மக்களை ஏற்றி வந்தது மட்டுமன்று. ஏற்றிச் சென்றதும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு தலைமை அமைச்சர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் வகுக்கப்பட்டது. தம் பாட்டன்மார் வெட்டிய பாதையில் இறங்கிவந்து, நிலையத்திலே கோச்சியேறி, தலைமன்னார் சென்று, கப்பலேறிக் கடல் கடந்தனர் பல்லாயிரவர். ஒரு குடும்பத்தில் அண்ணன் போக, தம்பி நிற்க நேர்ந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. நூற்றெண்பது ஆண்டுகளாக மிதித்த மண்ணை, சட்டம் அப்போதுதான் அவர்களுடைய நாடு என்று முழுமையாக ஒப்புக்கொண்டது.

இனி இன்றைய ஓட்டக்காரன் காணும் வழிகளை நோக்குவோம். ஹோட்டன் சமவெளியிலே உலக முடிவைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். புல்வெளியில் தொடங்கி, குளிர்காட்டினூடே புகுந்து, முதலிற் சிறிய உலக முடிவையும் பின்னர் பெரிய உலக முடிவையும் அடைந்து, பேக்கர் அருவி வழியாக அது மீள்கின்றது. உலக முடிவில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகின்றது. கீழே தேயிலைத் தோட்டமும் லயங்களும் விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும். காலை ஒன்பது மணிக்குப் பின்னர் மூடுபனி எழுந்து அனைத்தையும் மறைத்துவிடும். ஆகவே விடியலே தக்க வேளை. குறித்த பாதையை விட்டு விலகலாகாது. பிளாஸ்டிக் உறைகளை உள்ளே கொண்டு செல்லலாகாது. புல்லின் நுனியிலே சிறு உயிர்கள் வாழ்கின்றன. புதரிலே சிறுத்தை உறங்குகின்றது. அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட ஒருவகைத் தேவாங்கை இம்மலைக்காட்டிலே அறிஞர் மீண்டும் கண்டு, 2010இல் அதன் படத்தை உலகுக்குக் காட்டினர்.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தனைத் தொழிற்சாலைவரை ஒரு வழி. அங்கிருந்து லிப்டன் இருக்கைவரை ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஏற்றம். மறுபுறத்தே, 1931இல் கட்டப்பட்டு இப்போது துறவியர் மடமாக விளங்கும் அடிஷம் மாளிகையிலிருந்து, தங்கமலைக் காட்டினூடே இதல்கஸ்ஹின்னவுக்கு ஒரு காட்டுவழி செல்கின்றது. ஆங்கிலத் தேசாதிபதிகளும் வணிகரும் பெயரிட்ட இடங்களுக்கு நடுவே, தங்கமலை என்ற தூய தமிழ்ப் பெயரொன்று நிலைத்திருப்பது கருதத்தக்கது. கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல முதலிய இடங்களினூடே சென்று நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, பழைய தோட்டப் பாதைகளை 22 பகுதிகளாகக் கோத்து, 300 கிலோமீற்றருக்கும் மேலாக நீள்கின்றது. புதிதாக வெட்டப்பட்ட பாதையன்று அது. பெரும்பாலும் பழைய பாதைக்குப் புதிய பெயர்.

அப்பாதைகளின் நிலை என்ன? பாதை ஒருமுறை வெட்டினால் நிலைப்பதன்று. ஆண்டுதோறும் கான் வெட்டி, சரிந்த கல்லை மீள அடுக்கி, அடைபட்ட மதகைத் திறந்தாலே அது நிலைக்கும். முன்பு தோட்டங்கள் அவ்வேலைக்கென்றே ஆட்களை வைத்திருந்தன. ஆட்கள் குறைந்து, கான்கள் தூர்ந்துபோன இடங்களில் மழைநீர் மலையினுள்ளே இறங்குகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்கு நடந்து சென்றிருந்த பிள்ளைகள் உயிர்தப்பினர். மாலையில் அவர்கள் திரும்பி வர வீடு இருக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெரிதும் நலிந்தது. தெருக்களும் இருப்புப்பாதையும் துண்டிக்கப்பட்டன. மலைமேல் வாழ்வோனுக்குப் பாதை என்பது எழிற்காட்சியன்று. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியும், சரிவு வரும்போது தப்பியோடும் வழியும் அதுவேயாகும். உல்லாசப் பயணிக்காகச் செப்பனிடப்படும் பாதை லயத்தின் வாசலுக்கும் செல்லுமாயின், அதுவே நிறைந்த பயனாம்.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவாக, ஜூலை 28இல் தலைமன்னாரில் ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. முன்னோர் நடந்த வழியிலேயே நாள்தோறும் நடந்து, ஓகஸ்ட் 12இல் அது மாத்தளையை அடைந்தது. வழியிலுள்ள ஊர்களில் சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் அவர்களுக்கு நீரும் உணவும் அளித்து வரவேற்றனர். மாண்டவர் பெயர்களை எவரும் படிக்க முடியவில்லை, பெயர்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே நடையே நினைவுச் சின்னமாயிற்று.

ஊவாவின் வரைபடத்தை எடுத்துப் பார்ப்போர் ஹோட்டனின் பெயரைக் காண்பர்; பேக்கரின் பெயரையும் லிப்டனின் பெயரையும் காண்பர். தப்பால்காரனின் பெயரையோ, கல்லடுக்கியவன் பெயரையோ காணமாட்டார். ஆயினும் வரைபடத்தில் ஏறாத பெயர்கள் தோட்டங்களில் இன்னும் வழங்குகின்றன. ஆங்கிலப் பெயருள்ள தோட்டத்துக்கு மக்கள் இட்ட தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. ஒவ்வொரு மலைக்கும், ஓடைக்கும், குறுக்குக்கும் ஒரு பெயர் உண்டு. முதியோர் அவற்றை அறிவர். பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பகுதிகளிலுள்ள தோட்டப் பாடசாலை மாணவர், ஒரு விடுமுறைக் காலத்தில் தத்தம் பாட்டன் பாட்டியரைக் கேட்டு, தாம் நாள்தோறும் பாடசாலைக்கு வரும் பாதையின் பெயரையும் அதை வெட்டிய கதையையும் ஓர் ஏட்டில் எழுதுவாராயின், அது சிறுபிள்ளை வேலையாகாது. ஊவாவின் வரலாற்றில் இதுகாறும் எழுதப்படாத அதிகாரத்தின் முதற் பக்கமாகும். அதற்குக் காலம் அதிகம் இல்லை. பெயரை அறிந்தோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.